ஒன்று தசம் ஒன்று

என் அக்காவுக்கு வாய் சும்மா கிடக்காது. கலியாண வீட்டில் கறி உறைத்தாலும் சொல்லிவிடுவாள், தங்கச்சி கட்டிய பாலம் ஆடினாலும் சொல்லிவிடுவாள். கோயில் கதவு திறந்த மறுநாள் பின்னேரம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். சுகம் கேட்கவில்லை, ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பிலேயே, “என்னகா, உன்ட பாலம் என்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டுது?” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பாலமெண்டாக் கொஞ்சம் அசையும். நீ நடக்கிற நடைக்குத் தார் ரோட்டும் ஆடும்” என்றேன்.

“ஓங்கா, எல்லாப் பிழையும் என்ட உடம்பிலதான்” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் தங்களுக்குள் ‘கா’ போட்டுத்தான் கதைப்போம்.

நான் பாலம் கணக்குப் போடுகிறவள். எங்கள் ஊர், கடலோரத்து வாவியின் மேற்குக் கரையில், வவுணதீவையும் தாண்டி உள்ளே இருக்கிறது. ஊருக்கு நேரே வாவிக்குள் ஒரு திட்டு. திட்டில் கண்ணகை அம்மன் கோயில். வருஷத்தில் வைகாசியில் ஏழே நாள், ஒரு கிழமைதான் அந்தக் கதவு திறக்கும். முன்பெல்லாம் சனம் தோணியில் போய்வரும். அதற்குப் பதிலாகத்தான் அந்த இரும்புப் பாலம் வந்தது. ஆறடி அகலம், எண்பது மீற்றர் நீளம், வாவிக்குள் இறக்கிய குழாய்த் தூண்கள். வரைபடத்தின் மூலையில் என் கையெழுத்து. முந்தின வருஷம் பாலத்தைத் திறந்த அன்று எனக்கு மாலை போட்டார்கள். மாலை விழுந்த கழுத்து கொஞ்சம் நீண்டுதான் போயிருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

அக்காவின் வாயை அடைப்பதற்காகத்தான் அடுத்த நாள் வியாழக்கிழமை காலையில் பாலத்துக்குப் போனேன். வேறு நோக்கம் இல்லை. கைத்தொலைபேசியைக் கிடையாகப் பிடித்தால் படமும் கிடையாகத் திரும்புகிறதல்லவா? அசைவை உணர்கிற ஒரு துளிக் கருவி அதற்குள் இருப்பதால்தான் அப்படி. அதைக் கொண்டு ஒரு பாலம் எப்படி ஆடுகிறது என்று ஓரளவு அளக்கலாம். பாலத்தின் நடுவில், தகட்டோடு தகடாகத் தொலைபேசியை ஒட்டுநாடா போட்டு ஒட்டினேன். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, கைபிடிக் கம்பியில் இடுப்பால் ஒரு இடி இடித்துவிட்டு அசையாமல் நின்றேன்.

பாலம் பக்கவாட்டில் அசைந்தது. திரையில் ஒரு கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. எண்ணினேன். பத்துச் செக்கனில் பதினொரு தரம்.

பதினேழு தரம் ஆடியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தேன், செக்கனுக்கு ஒன்று தசம் ஏழு என்று. திரும்ப இடித்தேன். பதினொன்று. அடுத்த தூணுக்குப் போய் இடித்தேன். பதினொன்று. தொலைபேசிதான் பழுது என்று சொல்லிக்கொண்டு, கம்பியைக் கையால் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்து, வாய்விட்டு எண்ணினேன். பாலத்துக்கு என்னோடு என்ன கோபமோ, பதினொன்றை விட்டு அசையவே மாட்டேன் என்றது.

இரும்புத் தகட்டில் அப்படியே குந்திவிட்டேன்.

எந்தக் கட்டுமானத்துக்கும் அதற்கென்று ஒரு ஆட்டம் உண்டு. தட்டிவிட்டால் அது தன்னுடைய வேகத்தில்தான் ஆடும், நாம் சொல்லும் வேகத்தில் ஆடாது. அந்த வேகத்துக்குச் சரியாக யாராவது தள்ளிக்கொண்டே இருந்தால்தான் வில்லங்கம். ஊஞ்சல் ஆட்டிய எல்லோருக்கும் இது தெரியும். மனிதர் நடக்கும்போது செக்கனுக்கு இரண்டு அடி வைக்கிறோம், இடது ஒன்று, வலது ஒன்று. இடது கால் பாலத்தை ஒரு பக்கம் தள்ளும், வலது கால் மறுபக்கம் தள்ளும். ஆக, பாலத்தைச் செக்கனுக்கு ஒரு தரம் பக்கவாட்டில் ஆட்டுகிறோம். பாலத்தின் சொந்த ஆட்டம் அந்த ஒன்றுக்குக் கிட்டவே வரக்கூடாது. ஒன்று தசம் ஏழு என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்று தசம் ஒன்று வெறும் பாலத்துக்கு. சனம் ஏறினால் பாரம் கூடும், பாரம் கூடினால் ஆட்டம் இன்னும் மெதுவாகும். நூறு பேர் ஏறினால் அது சரியாக ஒன்றில் வந்து நிற்கும்.

வருகிற திங்கட்கிழமை குளிர்த்தி, சடங்கின் கடைசி நாள். அன்று ஊரிலிருந்து மடைப்பெட்டி எடுத்துப் போவார்கள். பூசைக்குரிய நெல்லும் பழமும் பாக்கும் வெற்றிலையும் வைத்து வெள்ளைத் துணியால் மூடிய பெட்டிகளைப் பெண்கள் தலையில் சுமந்து, பறைமேளத்தோடு நடப்பார்கள். மேளம் முன்னால் போகும். சனத்தின் கால் தானாகவே அதற்கு விழும்.

அதில் ஒரு பெட்டியை என் அக்கா தூக்குவதாக இருந்தாள். போன வருஷம் அவளுடைய மகளுக்கு டெங்கு வந்து, பிள்ளை பிழைக்குமோ பிழைக்காதோ என்று கிடந்தபோது வைத்த நேர்த்தி அது.

பாலத்தால் இறங்கி நேரே அலுவலகத்துக்குப் போனேன். கணினிக்குள் ஒரு பாலத்தை ஆட்டிப் பார்ப்பது பெரிய மந்திரமல்ல. பாலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பாரம் எவ்வளவு, வளைய எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று கொடுக்க வேண்டும். துண்டுகள் சேரும் முனைகளில் ஒன்றின் அசைவு மற்றதுக்குப் போகும்படி கட்டிவிட வேண்டும். கடைசியாக, தூண்களின் அடியை எங்கே, எப்படிப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இது முதலாவது ஆட்டம், இது இரண்டாவது, இது மூன்றாவது என்று ஒவ்வொன்றையும் அதன் வேகத்தோடு படமாகவே காட்டும். முன்பு அந்தப் படங்களைப் பார்ப்பது எனக்கு விளையாட்டு. பக்கவாட்டில் நெளியும் முதலாவது ஆட்டத்தை அக்காவின் மகளுக்குக்கூட ஒருநாள் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரும்பின் தடிப்பு சரி. தகட்டின் பாரம் சரி. மூட்டுகள் சரி. ஒரு மணித்தியாலம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் தூணின் அடிக்கு வந்தேன்.

தூண்கள் வாவித் தரையில் அசையாமல் இறுகி நிற்பதாகப் போட்டிருந்தேன். அந்தத் தரை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அளவைத் தாளிலிருந்து எடுத்தேன். தாள் ஆவணி மாதத்தில் அளந்தது. தண்ணீர் வற்றி, வாவி படுத்துக் கிடக்கும் காலம்.

மாரியில் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். வெள்ளம் ஏறி வயலும் வளவும் முங்கும். முகத்துவாரத்தில் கடலையும் வாவியையும் பிரிக்கிற மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். தேங்கிய தண்ணீரெல்லாம் கடலுக்கு இழுக்கும். அந்த இழுவையில் ஒடுக்கமான இடங்களிலெல்லாம் சேறு அள்ளுண்டு போகும். எங்கள் அப்பா வாவியில் வலை போட்டவர். முகத்துவாரம் வெட்டிய பிறகு, தோணி ஊன்றுகிற கம்பால் குத்திக் குத்திப் புது ஆழம் பார்க்காமல் ஒரு வலைகூட இறக்கமாட்டார். அவருக்குப் பிறந்த நான், படித்துப் பட்டம் எடுத்த நான், ஒரு தாளை நம்பித் தூணை நட்டேன்! கொழும்பிலிருந்து வந்த ஒருவன் இந்தப் பிழையை விட்டிருந்தால் நானே அவனை நாறடித்திருப்பேன். மனுசி தலையில் என்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள் என்று என்னைப் பார்த்து நானே பல்லைக் கடித்தேன்.

அன்று பின்னேரமே ஒரு தோணியைக் கேட்டு எடுத்து, அப்பா செய்தது போலவே கம்பால் குத்திப் பார்த்தேன். நடுத் தூண்களின் காலடியில் தரை ஒன்றரை மீற்றர் இறங்கியிருந்தது. கம்பு போன வேகத்தில் தோணியே சாய்ந்தது. வெள்ளிக்கிழமை அந்த ஆழத்தைக் கணினிக்குக் கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். முதலாவது ஆட்டம், செக்கனுக்கு ஒன்று தசம் ஒன்று. அப்படியே வந்து நின்றது.

அடுத்த கணக்கைப் போடாமல் விட்டிருக்கலாம். போட்டேன். நூறு பேர் ஒரே தாளத்துக்கு நடந்தால் பாலம் எவ்வளவு ஆடும்? ஒரு சாணுக்கு மேல். தூண்களின் தலையில் பாலத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எவ்வளவு ஆட்டம் தாங்கும்? நான்கு விரல்.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதைக் கேட்டாலும் எண்ணத் தொடங்கினேன். அலுவலகத்து மின்விசிறி ஆடும் ஆட்டத்தை எண்ணினேன். வீதியில் போகிறவர்களின் செருப்புச் சத்தத்தை எண்ணினேன். பக்கத்து வளவில் உரலில் மா இடித்தார்கள், அதையும் எண்ணினேன். எல்லாம் செக்கனுக்கு ஒன்று, செக்கனுக்கு இரண்டு என்றே விழுந்தன. உலகமே சேர்ந்துகொண்டு அந்தப் பாலத்தைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். ‘பாலம் மூடப்பட்டுள்ளது’ என்று எழுதிய பலகை எங்கள் களஞ்சியத்தில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கட்டுவதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். மூன்று தரம் எழுதி, மூன்று தரமும் ‘என் கணக்கில்’ என்ற சொல் வரும் இடத்தில் நின்றுவிட்டேன். அது அனுப்பாமலே கிடந்தது. ஆடும், ஆனால் விழாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சனம் ஒரே தாளத்தில் நடக்காது, குழந்தை குட்டிகளோடு அங்கும் இங்குமாகத்தான் போகும் என்று சொல்லிக்கொண்டேன். சும்மா சாட்டு, எல்லாம் சாட்டு. பிழை விட்டவள் என்று ஊர் சொல்லும் என்ற பயம் மற்றப் பயத்தைவிட ஒரு விரல் பெரிதாக இருந்தது. உள்ளது இவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் கோயில் வண்ணக்கரைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கத்தில் கோயில் காரியங்களைப் பொறுப்பாக நடத்துகிறவரை வண்ணக்கர் என்போம். அவர் முற்றத்தில் கதிரை போட்டு, சடங்குச் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“வா புள்ள, இரி. தேத்தண்ணி குடிக்கிறியா?”

“வேணாம் ஐயா. ஒரு அலுவலாத்தான் வந்த நான். திங்கக்கிழமை பாலத்தில ஏறக்குள்ள மேளத்தை நிப்பாட்டிப்போட்டு, சனத்தைப் பத்துப் பத்துப் பேரா விடேலுமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மேளத்தையா? என்ன கதை கதைக்கிறாய்? மடைப்பெட்டி வெளிக்கிட்டாக் கோயில் வாசல் மட்டும் மேளம் ஓயப்படாது. நடுவழியில ஓய்ஞ்சா அம்மாளைத் திருப்பி அனுப்பின மாதிரி. உனக்குத் தெரியாததா?”

“தெரியும் ஐயா. மேளத்துக்குக் கால் போட்டாப் பாலம் கொஞ்சம் ஆடும், அதுதான்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். நல்ல மனிதர். என்னைக் குழந்தையிலிருந்து தெரியும். “பாலத்தில பிழை இரிக்கா? இருந்தா மறைக்காமச் சொல்லு. தோணி பிடிச்சி ஏத்திறன். முந்தி அப்படித்தானே போன நாங்க? உன்ட வாயால பிழையெண்டு ஒரு சொல்லுச் சொல்லு, மறுகா மத்ததெல்லாம் நான் பாக்கிறன்.”

நாக்கு நுனியில் இருந்தது. அவருடைய மனைவி குசினி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வளவுக்குள் பந்தல் தடி வெட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

“பிழையெண்டில்ல ஐயா. ஒரு கவனத்துக்குத்தான்.”

“அப்ப பயமில்லையே?”

“இல்ல” என்றேன்.

“அப்ப மெதுவாப் போகச் சொல்லுறன், போ” என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். மகள் பக்கத்தில் இருந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. காய்ச்சலில் உதிர்ந்த முடி அப்போதுதான் வளர்ந்து தோளைத் தொட்டிருந்தது.

“நாளைக்கு நீ தோணியில போவன்கா” என்றேன்.

“ஏனாம்?”

“ஆடுதெண்டு நீதானே சொன்ன.”

“அடி, அது பகிடிக்குச் சொன்ன! அதை மனசில வெச்சிக்கொண்டா மூண்டு நாளா மூஞ்சையத் தூக்கிக்கொண்டு திரியிறாய்?” என்று என் தோளில் ஒரு இடி இடித்தாள். “உன்ட பாலத்தில நான் போகாட்டி மறுகா ஆர்கா போவாங்க? என்ட தங்கச்சி கட்டின பாலமெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். விசர்க்கதை கதைக்காம அந்தத் துணியை எடுத்துத் தா.”

எடுத்துக் கொடுத்தேன். அந்த இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் என்னை நம்பிப் பேசப் பேச என் வாய் இன்னும் இறுகிப் போனது.

திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணிக்கே போய்த் திட்டுப் பக்கத்துப் பாலத்தடியில் நின்றுகொண்டேன். பாலம் முழுதும் அங்கிருந்து தெரியும். வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. ஊர்க்கரையில் மேளச் சத்தம் முதலில் வந்தது, பிறகு வெள்ளைத் துணி மூடிய பெட்டிகள் தெரிந்தன.

நாலு மேளக்காரர் முன்னால் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெட்டி சுமந்த பெண்கள். மூன்றாவதாக அக்கா, சிவப்புச் சேலை. அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மகள். அதற்குப் பின்னால் வண்ணக்கர், மற்ற ஆண்கள், கைக்குழந்தையோடு பெண்கள். நான் எண்ணினேன். இருபது. நாற்பது. பாலம் அசையவில்லை. அறுபது. சாமி, சனத்தை அங்கேயே நிற்பாட்டு என்று கேட்டேன். எண்பது. இன்னும் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் தண்ணீரில் தெரிந்தது. நடுத் தூண்களைச் சுற்றிச் சின்ன வளையங்கள் எழுந்தன. பிறகு கைபிடிக் கம்பி. நேர்கோடாக இருந்த கம்பி மெல்ல இடப்பக்கம் போய், திரும்பி வலப்பக்கம் வந்தது. நடந்தவர்களில் இரண்டு மூன்று பேர் தடுமாறிக் காலை அகட்டி வைத்தார்கள். விழாமல் இருக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். பாலம் மறுபக்கம் போக, எல்லோரும் மறுபக்கம் சாய்ந்தார்கள். அங்கும் இங்குமாகப் போகும் என்று நான் நம்பிய சனத்துக்குப் பாலமே காலடி பழக்கிக் கொடுத்தது.

அப்போதும் அவர்கள் பயந்து நின்றிருந்தால் தப்பியிருக்கலாம். நடுவில் ஒரு பெண் இரண்டு கையையும் உயர்த்தி, “அம்மாள் வந்திட்டா! பாலத்தில ஏறி நிண்டு ஆடுறா!” என்று கத்தினாள். பெண்களெல்லாம் குரவை போட்டார்கள். இன்னும் இரண்டு பேருக்குச் சாமி வந்தது. சாமி வந்தால் மேளம் ஓங்க வேண்டும் என்பது முறை. மேளக்காரர்கள் வேகத்தை மாற்றாமல் அடியைக் கனமாக்கினார்கள். நூறு பேரும் அந்த அடிக்குத் துள்ளி ஆடத் தொடங்கினார்கள்.

நான்கு விரலைத் தாண்டிவிட்டது. இரும்பு முறுகும் சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா ஒரு கையால் பெட்டியையும் மறுகையால் கம்பியையும் பிடித்திருந்தாள். மகளின் தலை ஆட்களுக்குள் ஒருதரம் தெரிந்து மறைந்தது.

நான் ஓடினேன். “நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. முன்னால் வந்த மூத்த மேளக்காரருக்கு நேரே போய், இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவருடைய பறையின் தோலில் வைத்து அழுத்தினேன். இறங்கி வந்த தடி என் விரலில் விழுந்தது. நகம் நசுங்கிப் போனது அப்போது தெரியவில்லை.

அவர் முகம் வெளிறிப் போனது. “ஐயோ அம்மா, கையை எடுங்க! மேளத்தில கை வைக்கப்படாது, எடுங்க!”

“மாட்டன். பாலம் உடையுது. நிப்பாட்டுங்க!”

அவர் காலுக்குக் கீழே பார்த்தார். பிறகு தடியை உயர்த்தி மற்ற மூவருக்கும் காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக மேளங்கள் ஓய்ந்தன. குரவையும் பாதியில் நின்றது. மேளம் ஓய்ந்தும் பாலம் ஓயவில்லை, தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தில்தான் அக்கா கம்பியில் போய் மோதினாள். தலையிலிருந்த பெட்டி கவிழ்ந்து தண்ணீருக்குள் விழுந்தது.

“இரிங்க! எல்லாரும் அப்படியே குந்துங்க! ஒருத்தரும் நடக்காதீங்க!” என்று நான் கத்தினேன். என் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவர்களைக் குந்த வைத்தது. குழந்தைகள் மட்டும் அழுதன. நான் ஒவ்வொரு ஆட்டத்தையும் எண்ணிக்கொண்டு நின்றேன். இருபத்தெட்டாவதில் கை வைத்தால்தான் தெரியும் என்ற அளவுக்கு அடங்கியது.

பாதிப் பேரைத் திட்டுக்கும் பாதிப் பேரை ஊர்க்கரைக்குமாக, ஐந்து ஐந்து பேராக, ஒருவர் காலோடு மற்றவர் கால் சேராமல் நடக்கச் சொல்லி இறக்கினோம். அரை மணித்தியாலம் பிடித்தது. இரண்டு பேருக்குக் கை கால் சிராய்ப்பு. அக்காவுக்கு விலாவில் அடி. மறுநாள் தோணியில் போய்ப் பார்த்தபோது நடுத் தூண்களின் தலையில் ஒன்பது போல்ட்டுகள் அறுந்திருந்தன. மூன்றுதான் மிச்சம்.

ஆனால் அந்த நேரம் திட்டில் நின்ற சனத்துக்குப் போல்ட்டைப் பற்றித் தெரியாது. மேளத்தை நிறுத்தியவள் என்றுதான் தெரியும். சாமி வந்து ஆடிய பெண் மண்ணை அள்ளி என் காலடியில் எறிந்தாள். “அம்மாளை மறிச்சிட்டியே! நீ நல்லா இருப்பியா?” என்று கேட்டாள். மடைப்பெட்டி கரைக்கு எட்டாத தூரத்தில் மிதந்தது. அதைச் சுற்றி வெற்றிலைகள் பரந்து கிடந்தன.

வண்ணக்கர் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். “என்ன புள்ள இது? என்ன செய்தாய்?”

அவ்வளவு பேர் முன்னால், நசுங்கிய விரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “பாலம் பிழை ஐயா. முகத்துவாரம் வெட்டின பிறகு தூணுக்குக் கீழ மண் போயிட்டு. போகுமெண்டு நான் யோசிக்கல்ல. என்ட கணக்குப் பிழை. உடைஞ்சிருக்கும்.”

“நான் அண்டைக்குக் கேட்டனே?”

“பொய்தான் சொன்ன நான்.”

அவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஊர்க்கரையைப் பார்த்துத் தோணி கொண்டுவரச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்.

அக்கா ஒரு மரவேரில் விலாவைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மகள் அவள் மடியில் முகம் புதைத்திருந்தாள். நான் கிட்டப் போய்க் குந்தினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் ஆறியிருக்கும். அவளுக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே.

“எப்பருந்துகா தெரியும்?” என்று கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

“வியாழக்கிழமையிலருந்து.”

அவள் விரலை மடித்து நாட்களை எண்ணினாள். பிறகு மகளின் தலையைத் தடவியபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“இவளையும் கூட்டிக்கொண்டு ஏறினன். கண்ட நீயா?”

கண்டேன். சிவப்புச் சேலைக்குப் பின்னால் அவள் எட்டாவது. அவளையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

“ஓம்” என்றேன்.

தோணி வந்ததும் அக்கா மகளைத் தூக்கி ஏற்றினாள். விலா நோக, தானும் ஏறினாள். நான் கை கொடுத்தேன். அவள் தோணிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.